எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரும் இரத்தக் கொழுப்பும்

எச்.ஐ.வி. என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு மரணம் என்னும் எண்ணமே முதலில் எழுகின்றது. 1986ஆம் ஆண்டில் நம் நாட்டில் இக்கிருமித் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது அவ்வாறு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அன்று அதற்குத் தக்க மருந்து இல்லை. 1996ஆம் ஆண்டு முதல், சில மருந்துகளை ஒருசேரக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின் நிலைமை அடியோடு மாறியது. மாத்திரையைத் தவறாமல் உண்பவரின் உடலில் கிருமி அடங்கிவிடுகின்றது. அவர் வேலைக்குச் செல்கின்றார், பிள்ளைகளை வளர்க்கின்றார், பேரப்பிள்ளைகளைத் தூக்கி மகிழ்கின்றார்.

நெடுநாள் வாழ்பவரைத் தேடி வரும் நோய்கள் அவரையும் தேடி வருகின்றன. அவற்றுள் முதன்மையானவை மாரடைப்பும் பக்கவாதமும் ஆகும். எச்.ஐ.வி. உடையோருக்கு இவை ஏற்படும் வாய்ப்பு, அக்கிருமி இல்லாதோருக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. கிருமியை வென்று உயிர் பிழைத்தவர், கவனிக்காமல் விட்ட இரத்தக் கொழுப்பினால் ஐம்பது வயதில் மாண்டுபோகலாமா? கூடாது. அதனைத் தடுப்பது எவ்வாறு என்பதே இம்மாதப் பாடம்.

இப்பாடம் அக்கிருமி உடையவருக்கு மட்டும் உரியதன்று. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் மூவரில் ஒருவருக்கு இரத்தத்தில் கொழுப்பு மிகுந்துள்ளது. ஆகவே, தோட்டத்தில் வாழும் அனைவரும் இதனைப் படித்துப் பயன் பெறலாம்.

இரத்தக் கொழுப்பு என்பது யாது?

கொழுப்பு என்றதும் அது முற்றிலும் தீயது என எண்ணிவிடக் கூடாது. உடலின் ஒவ்வோர் அணுவும் தன் சுவரைக் கட்டிக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். உடலுக்கு வேண்டிய கொலஸ்டிராலின் பெரும்பகுதியைக் கல்லீரலும் உடலின் பிற உறுப்புகளுமே உண்டாக்கிக்கொள்கின்றன. அளவு மிஞ்சும்போதும், வகைகளின் விகிதம் கெடும்போதும்தான் தீங்கு விளைகின்றது.

இரத்தப் பரிசோதனைத் தாளில் மூன்று பெயர்களைக் காண்பீர்கள்.

முதலாவது, எல்.டி.எல். இது கொழுப்பைச் சுமந்து சென்று இரத்தக் குழாய்ச் சுவரில் படியச் செய்வது. ஆகவே இதனைக் கெட்ட கொழுப்பு என்பர்.

இரண்டாவது, எச்.டி.எல். இது மிகுதியான கொழுப்பைத் திரட்டிக் கல்லீரலுக்குத் திரும்பக் கொண்டு செல்வது. இதனை நல்ல கொழுப்பு என்பர்.

மூன்றாவது, டிரைகிளிசரைடு. நாம் உண்ணும் எண்ணெய், சர்க்கரை, மாவு, மது ஆகியவற்றின் மிகுதி, சேமிப்புக் கொழுப்பாக மாறி இரத்தத்தில் ஓடுவது இது.

பால்மரம் வெட்டும் உங்களுக்கு ஒன்று நன்கு தெரியும். வெட்டுக்கோட்டில் ஓடும் பாலில் ஒரு பகுதி அங்கேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடுகின்றது. மறுமுறை வெட்டுவதற்கு முன் அதனை உரித்து எடுக்கின்றீர்கள். இரத்தக் குழாயிலும் இதனை ஒத்த ஒன்று நடைபெறுகின்றது. ஆனால் இரண்டு வேறுபாடுகள் உள்ளன. அங்கே கொழுப்பு மேலே ஒட்டுவதில்லை. சுவருக்குள்ளேயே புகுந்து தங்குகின்றது. அதனை உரித்து எடுக்கக் கையும் இல்லை. அவ்விடம் வீங்கிப் புண்ணாகி, ஒரு நாள் வெடிக்கும்போது இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகின்றது. இதயத்திற்குச் செல்லும் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பக்கவாதம்.

கிருமி செய்யும் மாற்றம்

எச்.ஐ.வி. உடலுக்குள் புகுந்தவுடன் இரத்தக் கொழுப்பின் அளவுகள் மாறத் தொடங்குகின்றன. நல்ல கொழுப்பு குறைகின்றது. கெட்ட கொழுப்பும் குறைகின்றது. நோய் முற்றும்போது டிரைகிளிசரைடு ஏறுகின்றது.

கெட்ட கொழுப்பு குறைவது நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். அன்று. நோயினால் ஒருவர் மெலிந்துபோவதை நாம் உடல்நலம் என்று கூறுவதில்லை. அதுபோலவே, நோயினால் கொழுப்பு குறைவதும் நலத்தின் அறிகுறி ஆகாது. அதே வேளையில், ஓயாமல் கிருமியோடு போரிடும் உடலில் ஒருவகை அழற்சி நிலைத்து நிற்கின்றது. அது இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்படுத்துகின்றது. புண்பட்ட சுவரில் கொழுப்பு எளிதில் புகுந்துகொள்கின்றது. எனவே, பரிசோதனைத் தாளில் எண் குறைவாக இருந்தாலும் ஆபத்து குறைவு எனக் கூற இயலாது.

மருத்துவம் தொடங்கியபின் உடல் தேறுகின்றது. உண்ணும் உணவு உடலில் ஒட்டுகின்றது. அப்போது குறைந்திருந்த கொலஸ்டிரால் மீண்டும் ஏறுகின்றது. இவ்வேற்றத்தில் ஒரு பகுதி, உடல் தன் பழைய நிலைக்குத் திரும்புவதன் விளைவே. இதனை அறியாத சிலர், "மாத்திரை உண்ணத் தொடங்கியபின்தான் எனக்குக் கொழுப்பு வந்தது" என்று கூறி மருந்தின்மேல் வெறுப்புக் கொள்கின்றனர். உண்மையை முழுமையாக அறிந்தால் அவ்வெறுப்பு நீங்கும்.

மருந்துகளின் பங்கு

மருந்துகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா மருந்துகளும் ஒன்றுபோல் செயற்படுவதில்லை.

புரோட்டியேஸ் தடுப்பிகள் எனப்படும் பழைய மருந்துகள் சில, கொலஸ்டிராலையும் டிரைகிளிசரைடையும் மிகவும் ஏற்றின. 23,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்டு 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அவ்வகை மருந்தினை உண்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் மாரடைப்பின் வாய்ப்பு 16 விழுக்காடு கூடியதாகக் கண்டனர். எஃபவிரென்ஸ் என்னும் மருந்து கொழுப்பைச் சிறிதளவு ஏற்றும். இக்காலத்தில் பரவலாக வழங்கப்படும் டொலுடெகிராவிர் இரத்தக் கொழுப்பைப் பெரிதும் மாற்றுவதில்லை. ஆயினும் சிலருக்கு உடல் எடையைக் கூட்டுகின்றது. மருந்தினால் கொழுப்பு மிகவும் ஏறினால், மருத்துவர் வேறொரு மருந்துக்கு மாற்ற இயலும். மாற்றும் முடிவு மருத்துவருடையது. ஏற்படும் குறைகளை எடுத்துரைப்பது நோயாளியின் பொறுப்பு.

மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

இப்பாடத்தின் உயிர்நாடி இவ்வினாவிலேயே உள்ளது. "கொழுப்பு ஏறுகின்றது, எனவே சில மாதங்கள் மாத்திரையை நிறுத்திவைப்போம், உடலுக்கும் ஓய்வு கிடைக்கும்" என எண்ணுவோர் உளர். மருத்துவ அறிஞர்களும் ஒரு காலத்தில் இவ்வழி நன்மை தருமா எனச் சிந்தித்தனர். அதனை அறிய 33 நாடுகளில் 5,472 பேரைக் கொண்டு பெரியதோர் ஆய்வினை நடத்தினர். ஒரு பிரிவினர் மருந்தை இடைவிடாது உண்டனர். மற்றொரு பிரிவினர், எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ளபோது நிறுத்தி, குறைந்தபோது மீண்டும் தொடங்கினர்.

2006ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. நிறுத்தி நிறுத்தி உண்டவர்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. எதிர்பார்த்ததற்கு மாறாக, இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கடும் நோய்களும் அவர்களுக்கே மிகுதியாக வந்தன. தீங்கு தெளிவானதால் அவ்வாய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது. கிருமி மீண்டும் தலைதூக்கும்போது இரத்தக் குழாயின் அழற்சியும் தலைதூக்குகின்றது. மருந்தினால் ஏறும் கொழுப்பைவிட அதனால் வரும் கேடு பெரிது என்னும் உண்மை இதனால் விளங்கிற்று.

ஆகவே, கொழுப்பு எவ்வளவு ஏறியிருந்தாலும் எச்.ஐ.வி. மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது. கொழுப்பைக் குறைக்க வேறு வழிகள் உள்ளன. கிருமியை அடக்க அம்மருந்தைத் தவிர வேறு வழி இல்லை.

2023ஆம் ஆண்டு தந்த நற்செய்தி

ஸ்டாட்டின் எனப்படும் மருந்துகள் கல்லீரலில் கொலஸ்டிரால் உண்டாவதைக் குறைப்பவை. எச்.ஐ.வி. உடையோருக்கு இவை எந்த அளவுக்கு உதவும் என்பதை அறிய, தாய்லாந்து, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட 12 நாடுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 பேர் அதில் பங்குகொண்டனர். அனைவரும் கிருமி எதிர்ப்பு மருந்து உண்பவர்கள். இதய நோய் வாய்ப்புக் குறைவாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்கள். ஒரு பாதியினருக்குப் பிட்டாவாஸ்டாட்டின் என்னும் மாத்திரை 4 மில்லிகிராம் நாள்தோறும் தரப்பட்டது. மறுபாதியினருக்கு மருந்தில்லா வெறும் மாத்திரை தரப்பட்டது.

2023ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: மருந்து உண்டோரிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்கேடுகள் 35 விழுக்காடு குறைந்தன. இதனைத் தெளிவாகக் கூறுவதானால், ஆண்டொன்றுக்கு 1,000 பேரில் ஏறத்தாழ 7 பேருக்கு வரவேண்டிய கேடு, 5 பேருக்கே வந்தது. பங்குகொண்டோருள் பலருக்குக் கெட்ட கொழுப்பு மிகையாக இல்லை என்பதும் கருதத்தக்கது. இதன் பின்னர், 40 வயதைக் கடந்த எச்.ஐ.வி. நோயாளிக்கு ஸ்டாட்டின் வேண்டுமா என்பதை முடிவு செய்ய மருத்துவர்கள் கொழுப்பின் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே பார்க்கின்றனர்.

மருந்தினால் வரும் இடர்களையும் அறிதல் வேண்டும். அதே ஆய்வில், ஸ்டாட்டின் உண்டோரில் 100க்கு 5 பேருக்கு நீரிழிவு தோன்றியது. உண்ணாதோரில் 4 பேருக்குத் தோன்றியது. சிலருக்குத் தசைவலி உண்டாயிற்று. காண்டாத் தடியில் பால்வாளி சுமப்பவருக்குத் தோள்வலி புதியதன்று. ஆயினும், மருந்து தொடங்கியபின் இருபுறத் தொடைகளிலும் தோள்களிலும் காரணமின்றி வலி தோன்றினாலும், சிறுநீர் கருத்துப்போனாலும் உடனே மருத்துவரிடம் கூறவேண்டும்.

மருந்தும் மருந்தும் மோதும் இடம்

எல்லா ஸ்டாட்டினும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் அடங்கிய எச்.ஐ.வி. மருந்தினை உண்பவர், சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் ஆகிய இரண்டையும் தொடவே கூடாது. அவ்விரு மருந்துகளும் உடலில் தேங்கித் தசைகளைச் சிதைத்து, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு கொடுக்கும் கொலஸ்டிரால் மாத்திரையிலும் இவ்வாபத்து உண்டு. அவருக்கு நன்மை செய்யும் மாத்திரை உங்களுக்கு நஞ்சாகலாம். பட்டணத்துக் கடைகளில் கொழுப்பைக் குறைக்கும் எனக் கூறி விற்கப்படும் செம்புளிப்பு அரிசி மாத்திரையிலும் லோவாஸ்டாட்டினுக்கு நிகரான பொருள் இயற்கையாகவே உள்ளது. இயற்கையானது என்பதனால் தீங்கற்றது ஆகிவிடாது. எனவே, நாட்டு மருந்து, ஜாமு, கடை மாத்திரை எதுவாயினும் அதனை மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் காட்டிக் கேட்டபின்னரே உண்ணவேண்டும்.

பரிசோதனையும் எண்களும்

எச்.ஐ.வி. மருத்துவம் தொடங்கும்போதும், மருந்து மாறும்போதும், பின்னர் மருத்துவர் குறிக்கும் காலங்களிலும் இரத்தக் கொழுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கை நரம்பிலிருந்து சிறிது இரத்தம் எடுத்தாலே போதும். வெறும் வயிற்றில் வரும்படி கூறினால், முன்னிரவு முதல் 8 மணி நேரத்திற்கு மேல் உண்ணாதிருக்க வேண்டும், தண்ணீர் அருந்தலாம். அன்றைய மாத்திரையை எப்போது உண்பது என்பதை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்க. விடியற்காலையில் வெட்டுக்குச் செல்வோர் அன்று விடுப்புப் பெற்றுக்கொள்வது நன்று. வெறும் வயிற்றோடு வேலை செய்துவிட்டுக் கிளினிக்கிற்குச் செல்வது மயக்கத்தை உண்டாக்கும்.

நம் நாட்டில் அளவுகள் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் எனக் குறிக்கப்படுகின்றன. பொதுவாக, மொத்தக் கொலஸ்டிரால் 5.2க்குக் கீழும், டிரைகிளிசரைடு 1.7க்குக் கீழும், நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 1.0க்கு மேலும், பெண்களுக்கு 1.2க்கு மேலும் இருத்தல் நலம். கெட்ட கொழுப்பு 3.0க்குக் கீழ் இருக்கவேண்டும். நீரிழிவோ இதய நோயோ உள்ளவருக்கு இன்னும் குறைவாக இருக்கவேண்டும். டிரைகிளிசரைடு 10க்கு மேல் ஏறினால் கணையம் வீங்கிக் கடும் வயிற்றுவலி உண்டாகக்கூடும். அப்போது காலம் தாழ்த்தலாகாது. எண்களைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், ஏற்றமும் இறக்கமும் தெளிவாகத் தெரியும்.

வீட்டிலும் வேலைக்காட்டிலும் நம் கடமை

"நாள்தோறும் மரத்துக்கு மரம் நடக்கின்ற எனக்குக் கொழுப்பு எங்கிருந்து வரும்?" என்று கேட்பவர் உண்டு. நடை நல்லதே. அது நல்ல கொழுப்பைக் கூட்டவும், டிரைகிளிசரைடைக் குறைக்கவும் உதவுகின்றது. ஆனால் நடை ஒன்றே போதாது. பின்வருவனவற்றையும் கடைப்பிடிக்க வேண்டும்.

1. புகைப்பதை அறவே விடுக. எச்.ஐ.வி.யும் சிகரெட்டும் சேர்ந்தால் இரத்தக் குழாய்க்கு இரட்டை அடி. இதயத்தைக் காக்கும் செயல்களுள் செலவே இல்லாத செயல் இதுதான்.

2. கள், சம்சு, பீர் ஆகியவற்றைத் தவிர்க்க. மது டிரைகிளிசரைடை ஏற்றும். மாத்திரை உண்ணும் நேரத்தையும் மறக்கச் செய்யும்.

3. எண்ணெயை அளந்து ஊற்றுக. செம்பனை எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி, கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகையைச் சேர்ந்தது. தேங்காய்ப்பாலும் நெய்யும் அவ்வாறே. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவதும் நன்றன்று. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் நாள்தோறும் காலை உணவாகாமல், எப்போதேனும் உண்பவையாக இருக்கட்டும்.

4. தேநீரில் ஊற்றும் இனிப்புப் பாலைக் குறைக்க. ஒரு நாளைக்கு நான்கு குவளை பருகினால் அதிலுள்ள சர்க்கரையும் நான்கு மடங்கு என்பதை மறவாதீர்.

5. கீரை, பருப்பு, வெண்டைக்காய், கெம்போங் மீன், மத்தி மீன் ஆகியவற்றை மிகுதியாகச் சேர்த்துக்கொள்க. இவை விலை மிகுந்தவையல்ல. கீரையும் வெண்டையும் வீட்டின் பின்புறத்திலேயே வளரும்.

6. மார்பில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் 999 என்னும் எண்ணை உடனே அழைக்க. காற்று பிடித்துக்கொண்டது எனத் தைலம் தேய்த்துக் காத்திருத்தல் உயிருக்கே ஆபத்து.

அயலார் அறியவேண்டியவை

தோட்டம் சிறியது. ஒரு வீட்டில் பேசுவது மறு வீட்டில் கேட்கும். தம் நோய் வெளிப்பட்டுவிடுமே என்னும் அச்சத்தினால் கிளினிக்கிற்குச் செல்லாமல் இருப்பவரும், மாத்திரைப் புட்டியை ஒளித்து வைத்து உண்ண மறப்பவரும் உண்டு. அவ்வச்சத்தை உண்டாக்குவது கிருமியன்று, அயலாரின் நாவே.

எச்.ஐ.வி. ஒன்றாக உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, கொசுக்கடியாலோ பரவுவதில்லை. மருந்தினைத் தவறாமல் உண்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையைத் தொடர்ந்து காத்து வருபவரிடமிருந்து, உடலுறவின் வழியாகவும் அது பிறருக்குப் பரவுவதில்லை. 2018ஆம் ஆண்டில், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்னும் சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவிற்கு வழங்கியது. முறையான பரிசோதனையும் மருந்துமே அவ்வெற்றியைத் தந்தன.

அரசாங்கக் கிளினிக்குகளில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். தொற்று உடைய மலேசியர்களுக்கு முதல்நிலை மருந்துகளை அரசாங்கம் இலவசமாக வழங்குகின்றது. நோயாளியின் செய்தியை மறைவாகக் காப்பது மருத்துவப் பணியாளரின் கடமையாகும்.

சிந்தித்து விடை கூறுக

1. மருத்துவம் பெறாத எச்.ஐ.வி. நோயாளிக்குக் கெட்ட கொழுப்பு குறைவாக இருப்பது ஏன் நலத்தின் அறிகுறி ஆகாது?
2. கொழுப்பு ஏறிவிட்டது என்பதற்காக எச்.ஐ.வி. மாத்திரையை ஏன் நிறுத்தலாகாது?
3. பிறருடைய கொலஸ்டிரால் மாத்திரையை வாங்கி உண்பதால் வரும் தீமை யாது?
4. உங்கள் இரத்தக் கொழுப்பை நீங்கள் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது?

முதல் மூன்று வினாக்களின் விடைகள் இப்பக்கங்களிலேயே உள்ளன. நான்காவது வினாவிற்கு உங்களால் விடை கூற இயலவில்லையெனில், அடுத்த ஓய்வு நாளைத் தள்ளிப்போடாமல் அரசாங்கக் கிளினிக்கிற்குச் சென்று வருக. செல்லத் தயங்கும் நண்பர் ஒருவர் இருப்பின், காரணம் கேளாமல் அவரையும் உடன் அழைத்துச் செல்க.